பெர்மிட் காணியிலிருந்து பார்த்தால்

உயர்தரத்தில் அரசியல் விஞ்ஞானம் படிக்கிற என் பெறாமகள், தம்பியின் மகள், கிளிநொச்சியிலிருந்து கேட்டிருந்தாள்: "பெரியப்பா, பழமைவாதி எண்டால் கட்டுப்பாட்டை விரும்புற ஆள் எண்டுதானே நினைச்சன். பிறகேன் அமெரிக்காவிலயும் லண்டனிலயும் பழமைவாதக் கட்சிக்காரர்தான் தனிமனித சுதந்திரம், வரையறுக்கப்பட்ட அரசாங்கம் எண்டு கதைக்கினம்? வன்னியில இருக்கிற எங்களுக்கு அதில என்ன கிடக்கு?"

பரீட்சைக்கு எழுத வேண்டியதை ரீச்சர் சொல்லித் தந்திருப்பா. நான் இருபத்தெட்டு வருடம் காணிக் கிளையில் இருந்து அரச காணிகளுக்குப் பெர்மிட் எழுதிய ஆள். அந்தக் கதிரையிலிருந்து கண்டதை வைத்துத்தான் எனக்குப் பதில் சொல்லத் தெரியும்.

முதலில் ஒரு சொல்லைத் துப்புரவாக்குவோம். வரையறுக்கப்பட்ட அரசாங்கம் என்றால் சின்ன அரசாங்கம் என்று பலர் விளங்கிக்கொள்கிறார்கள். இரண்டும் ஒன்றல்ல. ஆயிரக்கணக்கானோர் வேலை செய்கிற அரசாங்கத்துக்கும் வரம்பு இருக்கலாம். பத்துப் பேர் துவக்கோடு நடத்துகிற ஆட்சிக்கு வரம்பே இல்லாமல் இருக்கலாம். வரம்பு என்று எழுதும்போது எனக்கு வயல்தான் ஞாபகம் வருகிறது. இரண்டு வயலுக்கு நடுவில் கிடக்கிற வரம்பை ஒருவரும் ஒரே நாளில் வெட்டிச் சாய்ப்பதில்லை. பக்கத்து வயல்காரர் ஒவ்வொரு போகமும் வரம்பு செதுக்குகிற சாட்டில் ஒரு விரற்கடை மண்ணைத் தன் பக்கம் இழுப்பார். பதினைந்து வருடம் கழித்து நிலஅளவையாளர் சங்கிலியோடு வந்து நின்றால்தான் எவ்வளவு போயிருக்கிறது என்று தெரியும். அரசாங்கமும் அப்படித்தான் வரும். பயங்கரவாதத் தடைச் சட்டத்தை 1979 இல் கொண்டுவந்தபோது அது மூன்று வருடத்துக்கான தற்காலிக ஏற்பாடு. 1982 இல் அந்த மூன்று வருடக் கணக்கை எடுத்துவிட்டார்கள். வழக்கு வைக்காமலே பதினெட்டு மாதம் வரை ஒருவரைத் தடுத்து வைக்கலாம் என்றிருந்ததை 2022 இல் பன்னிரண்டு மாதமாகக் குறைத்தார்கள். 1979 இல் பிறந்த பிள்ளை இப்போது பேரப்பிள்ளை காண்கிற வயதில் இருக்கிறது.

உன் கேள்வியின் முதல் பாதிக்கு வருகிறேன். தனிமனித சுதந்திரமும் வரையறுக்கப்பட்ட அரசாங்கமும் பிறந்த வீடு தாராண்மைவாதம் (லிபரலிசம்). உயிர், சுதந்திரம், உடைமை ஆகியவற்றைக் காக்கத்தான் அரசாங்கம், அதைச் செய்யாத அரசாங்கத்துக்குக் கீழ்ப்படியத் தேவையில்லை என்று ஜோன் லொக் 1689 இல் எழுதினார். அன்றைக்கு அது புரட்சிக் கதை. நூறு, இருநூறு வருடத்தில் அந்தக் கதையே பிரித்தானியாவின் சட்டத்திலும் வழக்கத்திலும் ஊறிவிட்டது. அமெரிக்காவில் நாடே அதில்தான் தொடங்கியது. 1791 இல் உரிமைகள் சட்டத்தை அரசியல் யாப்பில் சேர்த்து, காங்கிரஸ் இன்னின்ன சட்டம் இயற்றவே கூடாது என்று எழுதினார்கள். ஆக அந்த நாடுகளில் பழையதைக் காக்க வேண்டும் என்று எழும்புகிறவர் காப்பது எதை? அந்த உரிமைகளைத்தான். தனிமனித சுதந்திரம் தாராண்மைவாத வீட்டில் பிறந்து பழமைவாத வீட்டுக்கு மருமகளாகப் போனவள். இப்போது சாவிக்கொத்து அவள் இடுப்பில். பழமைவாதி யார் என்பது அவர் நாட்டில் பழமையாக என்ன இருக்கிறது என்பதைப் பொறுத்தது. சவூதியில் ஒரு பழமைவாதி வேறு எதையோ காப்பார்.

பழமைவாதத்தின் தகப்பன் என்று எல்லோரும் சொல்கிற எட்மண்ட் பேர்க், 1729 இல் டப்ளினில் பிறந்த அயர்லாந்துக்காரர். பாடப்புத்தகம் அவரைப் பிரெஞ்சுப் புரட்சியை 1790 இல் கண்டித்தவர் என்று மட்டும் காட்டும். அதோடு நிறுத்தினால் மன்னர்களுக்கு வக்காலத்து வாங்கியவர் என்றுதான் படும். அதே மனிதர் அதற்கு முன்னர் அமெரிக்கக் குடியேற்றக்காரருக்காகப் பேசினார். பிறகு வங்காளத்தில் ஆளுநர் நாயகமாக இருந்த வாரன் ஹேஸ்டிங்ஸைப் பாராளுமன்றத்தின் முன் நிறுத்தினார். ஆசியாவில் ஆட்சி அப்படித்தான், அங்குள்ளவர்களுக்கு அது பழக்கம் என்பது ஹேஸ்டிங்ஸ் தரப்பு வாதம். மனம்போன போக்கில் ஆளும் அதிகாரம் கிழக்கிந்தியக் கம்பனிக்கும் இல்லை, அரசருக்கும் இல்லை. தம்மிடம் இல்லாததை அவர்கள் இன்னொருவருக்குக் கொடுக்கவும் முடியாது என்றார் பேர்க். 1788 இல் தொடங்கிய விசாரணை ஏழு வருடம் இழுபட்டு 1795 இல் ஹேஸ்டிங்ஸ் விடுதலையானார். தோற்ற வழக்குத்தான். ஆனாலும் அவருடைய எல்லாப் பேச்சையும் சேர்த்துக் கட்டுகிற கயிறு அந்த வழக்கில்தான் இருக்கிறது: ஒரு தனி மூளை, அது மன்னனுடையதாகட்டும் புரட்சிக்காரனுடையதாகட்டும், எல்லோருடைய வாழ்க்கையையும் ஒரு கையெழுத்தில் மாற்ற முடியக்கூடாது.

அதை வன்னியில் எங்களுக்கு 2021 விளங்கப்படுத்தியது. 2020 ஒக்டோபரில் யாப்பின் 20 ஆவது திருத்தத்தால் ஜனாதிபதியின் கையில் அதிகாரம் குவிந்தது. 2021 மே மாதம் ஒரு வர்த்தமானி. இரசாயன உரமும் கிருமிநாசினியும் இனி நாட்டுக்குள் வராது. என் மச்சானுக்கு வவுனிக்குளத்துக்குக் கீழ் ஐந்து ஏக்கர். அந்தக் காலபோகத்தில் பயிர் மட்டம் வெடிக்கிற நேரம் யூரியா இல்லை. கூட்டெரு போடு என்றார்கள். ஐந்து ஏக்கருக்கு எத்தனை ட்ரக்டர் பெட்டி வேண்டும் என்று சொன்னவர்கள் கணக்குப் பார்த்திருக்கவில்லை. பிறகு இந்தியாவிலிருந்து போத்தலில் நனோ நைட்ரஜன் திரவ உரம் வந்தது. நான் வரம்பில் நின்று பார்த்தபோது வயல் எலுமிச்சம்பழ நிறம். வழமையாக ஏக்கருக்கு இருபத்தைந்து மூடை எடுக்கிற மண்ணில் மச்சான் ஒன்பது எடுத்தார். நவம்பர் கடைசியில் தடையைத் தளர்த்தினார்கள். அதற்குள் பசளை போடுகிற காலம் பலருக்கு முடிந்துவிட்டது.

இதில் கவனிக்க வேண்டிய வேடிக்கை என்னவென்றால், அந்தத் தடையை நியாயப்படுத்தியவர்கள் பேசியது பாரம்பரியம்: எங்கள் முன்னோர் உரமா போட்டார்கள், நஞ்சில்லாத உணவு உண்டவர்கள் என்று. கேட்டால் அசல் பழமைவாதம் போல இருக்கும். பேர்க் இருந்திருந்தால் அதைத்தான் புரட்சி என்றிருப்பார். அவருக்குப் பழமை என்பது முந்நூறு வருடத்துக்கு முந்திய நெல்லில் இல்லை. மச்சானும் அவருடைய தகப்பனும் ஐம்பது வருடமாக எந்த நாளில் எவ்வளவு போட்டால் எந்த மண் எப்படிக் கொடுக்கும் என்று பழகி வைத்திருக்கிற அறிவில் இருக்கிறது. அது எந்தக் கோப்பிலும் இல்லாததால் கொழும்புக்குத் தெரியாது. கொழும்புக்குத் தெரியாது என்பதே வரம்பு வேண்டும் என்பதற்கு முதல் காரணம்.

அப்படி எழுதாத அறிவு உட்கார்ந்து பேசுகிற இடமும் எங்களிடம் இருக்கிறது. பயிர்ச்செய்கைக் கூட்டத்துக்கு அப்பா உன்னைக் கூட்டிக்கொண்டு போயிருக்க மாட்டார்; ஒருமுறை போய்ப் பார். அரசாங்க அதிபர் தலைமை இருப்பார், நீர்ப்பாசனப் பொறியியலாளர் குளத்தில் எத்தனை அடி தண்ணீர் என்று சொல்லுவார், அதற்குப் பிறகு கமக்காரர் சத்தம்தான். சிறுபோகத்துக்குத் தண்ணீர் காணாது என்றால் ஏக்கரைக் குறைத்து எல்லோருக்கும் பங்கு போடுவார்கள். வாய்க்கால் துப்புரவாக்காதவனுக்கு என்ன செய்வது என்று அங்கேயே பேசுவார்கள். 1958 நெற்காணிச் சட்டம் தண்ணீர் பார்க்கிற பழைய விதானைப் பதவியை எடுத்துவிட்டுப் பயிர்ச்செய்கைக் குழுக்களை வைத்தது. விதானைமாரில் பாதிப் பேர் பெரிய காணிக்காரரின் ஆட்கள் என்பது உண்மைதான். ஆனாலும் தண்ணீர் பங்கிட ஒரு ஆள் வேண்டுமே. சட்டம் எடுத்த பிறகும் வட்டவிதானை என்ற சொல்லைச் சனம் விடவில்லை.

இனிக் காணி. எனக்கு வாய் ஊறுகிற இடம் இதுதான், கொஞ்சம் நீளும்.

வன்னியில் உறுதிக் காணி, அதாவது சொந்தமாக எழுதின பத்திரம் உள்ள காணி, குறைவு. 1840 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம், காடும் தரிசும் ஆட்சியில் இல்லாத நிலமும் வேறு விதமாக நிரூபிக்கப்படும்வரை முடிக்குரியவை என்றது. சேனை வெட்டியும் தூர்ந்த குளத்தைத் திருத்தியும் வாழ்ந்த சனத்திடம் நிரூபிக்க எழுத்தில் என்ன இருக்கும்? இன்றைக்கும் இலங்கையின் நிலத்தில் 80 வீதத்துக்கு மேல் அரசினுடையது. 1935 இல் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டம் வந்தது. அதன் கீழ் கொடுப்பதுதான் பெர்மிட். நோக்கம் நல்லது. ஏழைக் கமக்காரன் கடன்காரனுக்குக் காணியை எழுதிக் கொடுத்துவிடக் கூடாது என்று வெள்ளைக்காரனும் எங்கட அமைச்சர்மாரும் யோசித்தார்கள். அதனால் விற்க முடியாது. நினைத்த இடத்தில் ஈடு வைக்க முடியாது. துண்டு போட முடியாது. தனக்குப் பிறகு காணிக்கு உரியவராக, பின்னுரித்தாளர் என்று ஒருவரின் பெயரைத்தான் எழுதலாம். எழுதாமல் செத்தால் சட்டத்தின் அட்டவணை ஆண்பிள்ளையை முன்னுக்கு வைத்தது, அதிலும் மூத்தவனை. கைம்பெண் இருந்து அனுபவிக்கலாம், மறுமணம் செய்தால் அந்த உரித்துப் போய்விடும் என்பதுதான் நான் வேலை செய்த காலத்துச் சட்டம். ஆண்பிள்ளை முதல் என்ற வரிசையை 2022 இல்தான் திருத்தினார்கள்.

போர் முடிந்து சனம் மீள்குடியேறிய பிறகு ஒரு நாள் முத்தையன்கட்டுப் பக்கமிருந்து ஒரு தாய் வந்தா. சொப்பிங் பையை மூன்று சுற்றுச் சுற்றி றப்பர் வளையம் போட்டிருந்தது. அவிழ்க்க அவிழ்க்க உள்ளே இன்னொரு பை. கடைசியில் பெர்மிட், நாலாக மடித்தது, மடிப்பில் கிழிந்து, மை ஊறி. "நந்திக்கடலுக்குள்ளால வரேக்க தலையில வைச்சுக் கொண்டு வந்தனான் ஐயா" என்றா. புருஷன் பெயரில் இருந்தது. அவர் 2008 இல் போய்விட்டார். பின்னுரித்தாளர் மூத்த மகன். அந்த மகனைக் கடைசியாகக் கண்டது வட்டுவாகலில். மரணச் சான்றிதழ் எடுங்கோ, மிச்சத்தைச் செய்யலாம் என்று யாரோ சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். "அவன் செத்தவன் எண்டு நான் எப்பிடி ஐயா கையெழுத்து வைக்கிறது?" அதோடு பேச்சில்லை. காணியில் மகளும் இரண்டு பேரப்பிள்ளைகளும் இருந்தார்கள்.

நான் காணிக்குப் போய்ப் பார்த்து, மகளுக்குச் சாதகமாக அறிக்கை எழுதினேன். மேலே இருந்தவரும் நல்லவர், அதைத் தூக்கிப் பிடித்தார். வேலை முடிந்தது. இரண்டு கிழமையால் அந்தத் தாய் ஒரு பை உளுந்தோடு வந்து கும்பிட்டா. உளுந்தை நான் வாங்கவில்லை. கும்பிட்டை வாங்கினேன். அது எனக்குப் பிடித்திருந்தது என்பதையும் சொல்லத்தான் வேண்டும். வீட்டுக்குப் போகிற வழியில்தான் யோசனை வந்தது. முப்பது வருடம் மண்வெட்டி பிடித்த காணி. அது அவவுக்குக் கிடைத்ததற்கு நான் யார் கும்பிடு வாங்க? பக்கத்து மேசையில் இருந்தவர் எழுதியிருந்தால் வேறு விதமாக எழுதியிருப்பார், அதுவும் சட்டப்படிதான் இருந்திருக்கும். நல்ல அதிகாரி கிடைப்பது அதிர்ஷ்டம். அதிகாரி நல்லவரா கெட்டவரா என்று பார்க்கத் தேவையில்லாமல் இருப்பதைத்தான் அந்தப் பழமைவாதிகள் சுதந்திரம் என்கிறார்கள். உடைமையை அவர்கள் பிடித்துத் தொங்குவது பணக்காரனுக்காக என்று இளவயதில் நானும் நினைத்தேன். உறுதி உள்ளவன் தேர்தல் வருடத்தில், யாருக்கு அரச காணி என்று தெரிவுசெய்கிற காணிக் கச்சேரிக்கு முன்னால் வெயிலில் நிற்பதில்லை என்பதைக் கண்ட பிறகு அப்படி நினைக்க முடியவில்லை. 2017 பெப்ரவரியில் கேப்பாப்புலவு பிலக்குடியிருப்பில் படைமுகாம் வாசலில் இரவு பகலாகக் குந்தியிருந்த பெண்கள் கேட்டதும் அதைத்தான். புதிதாக ஒன்றும் தர வேண்டாம், எங்கள் வளவை விட்டு எழும்புங்கள் என்றார்கள். மார்ச் முதலாம் திகதி திறந்துவிட்டார்கள்.

பெர்மிட் என்ற சொல்லை அரசியலில் வசைச்சொல்லாக்கியவர் ராஜாஜி. 1959 இல் சுதந்திராக் கட்சி தொடங்கி, நேரு அரசாங்கத்தை லைசென்ஸ் பெர்மிட் கோட்டா ராஜ்ஜியம் என்று ஏசினார். 1952 இல் சென்னையில் உணவுக் கட்டுப்பாட்டை எடுத்துவிட்ட துணிச்சலும் அவருக்கு இருந்தது. ஆனால் 1938 இல் பள்ளிக்கூடங்களில் இந்தியைக் கட்டாயமாக்கியவரும், 1953 இல் அரைநாள் பள்ளி, மிச்ச நேரம் தகப்பன் தொழில் என்று திட்டம் போட்டவரும் அவரேதான். வரம்பு மற்றவனுடைய அதிகாரத்துக்கு மட்டும் என்பது பழமைவாதிகளின் பழைய வியாதி. சந்தைச் சுதந்திரத்தின் பெரிய வக்கீலான ஹயெக் 1960 இல் தான் ஏன் பழமைவாதி அல்ல என்று ஒரு கட்டுரையே எழுதினார். அதிகாரம் தங்களுக்குப் பிடித்தவர் கையில் இருந்தால் பழமைவாதிகள் அதற்குப் பெரிதாக அஞ்சுவதில்லை என்பது அவருடைய முறைப்பாடுகளில் ஒன்று.

எங்கள் சனத்துக்கும் அந்த வியாதி உண்டு. தொண்ணூறுகளில் வன்னியை விட்டு வெளியே போக இயக்கத்திடம், புலிகளிடம், பாஸ் எடுக்க வேண்டும், பிணைக்கு ஆள் நிறுத்த வேண்டும். தப்பி வவுனியாவுக்கு வந்தால் அங்கே தங்க இராணுவத்துப் பக்கம் இன்னொரு பாஸ். பற்றரியும் சீமெந்தும் பெற்றோலும் உள்ளே வராது. மோட்டார் சைக்கிளை ஒரு சொட்டுப் பெற்றோலில் எழுப்பி மண்ணெண்ணெயில் ஓட்டினோம். பிறகு இயக்கத்துக்கு வீட்டுக்கு ஒரு பிள்ளை என்ற காலம் வந்தது. அதைப் பற்றி உன் அம்மாவிடம் கேள், நான் எழுதவில்லை. அதற்குப் பிறகு மெனிக் பாம் அகதி முகாம், முட்கம்பி. 2012 செப்ரெம்பரில்தான் முற்றாக மூடினார்கள். இந்தப் பக்கம் வாங்கிய பாஸை அநியாயம் என்றும் அந்தப் பக்கம் வாங்கியதை ஒழுங்கு என்றும் சொல்லுகிற ஆட்களை இரண்டு பக்கத்திலும் நான் சந்தித்திருக்கிறேன். இரண்டு பாஸும் உங்கட நன்மைக்கு என்றுதான் கொடுக்கப்பட்டன.

யாப்பில் எழுதிவிட்டால் போதுமா என்றும் நீ கேட்பாய். சுதந்திரத்தோடு வந்த சோல்பரி யாப்பின் 29(2) ஆம் பிரிவு, ஒரு சமூகத்துக்கு மட்டும் பாதகம் செய்கிற சட்டத்தைப் பாராளுமன்றம் இயற்றக்கூடாது என்றது. எழுத்தில் நல்ல வரம்பு. அது இருக்கத்தக்கதாகவே 1948 இல் மலையக மக்களின் குடியுரிமை போனது. 1956 இல் தனிச் சிங்களச் சட்டம். சிங்களப் பரீட்சைக்குப் போக மறுத்து, சம்பள உயர்வை இழந்த கோடீஸ்வரன் என்ற எழுதுவினைஞர் அரசாங்கத்தின் மேல் வழக்குப் போட்டார். 1964 இல் மாவட்ட நீதிமன்றம் அவர் பக்கம் நின்றது. அரச ஊழியர் சம்பளத்துக்கு வழக்குப் போடவே முடியாது என்று 1967 இல் உயர் நீதிமன்றம் அதைக் கவிழ்த்தது. போடலாம் என்று 1969 இல் லண்டனில் இருந்த மேல் முறையீட்டு மன்றமான கோமறைக் கழகம் சொல்லி, மொழிச் சட்டம் செல்லுமா என்ற முக்கிய கேள்வியை இங்கேயே திருப்பி அனுப்பியது. 1971 இல் கோமறைக் கழகத்துக்குப் போகிற வழியையே அடைத்தார்கள். 1972 குடியரசு யாப்பில் 29(2) இல்லை. ஒரு எழுதுவினைஞர் தன் சம்பள உயர்வுக்காக, வரம்பு செதுக்க வந்த மண்வெட்டியைப் பிடித்து நிறுத்தப் பார்த்த கதை இது. கட்சிகளின் வரலாறு எழுதுகிறவர்கள் இதை இரண்டு வரியில் தாண்டுவது எனக்குப் பொறுக்காது.

இனி மற்றப் பக்கத்தையும் சொல்லாவிட்டால் நான் கட்சிக்காரன் ஆகிவிடுவேன். எழுபதுகளில் சிறிமாவோ அரசாங்கம் மிளகாய், வெங்காய இறக்குமதியைக் கட்டுப்படுத்தியது. விசுவமடுவில் படித்த வாலிபர் திட்டத்தில் காணி எடுத்த என் சித்தப்பா செத்தல் மிளகாய்க் காசில் ட்ரக்டர் வாங்கினார், தங்கச்சியைக் கட்டிக் கொடுத்தார். அதே அரசாங்கம் வீதியில் மறித்து அரிசிப் பொட்டலத்தைப் பறித்தபோது அதை ஏசினார். 1977 க்குப் பிறகு ஜே. ஆர். ஜயவர்தன கதவைத் திறந்து இறக்குமதி மிளகாய் வந்தபோது அதையும் ஏசினார். மிளகாய்க்கு அரசாங்கம் வேண்டும், அரிசிக்கு வேண்டாம். சித்தப்பாவின் கணக்குப் பிழை என்று அமெரிக்க ஜனாதிபதியாக இருந்த ரேகனின் ஆட்கள் சொல்லுவார்கள். அவருடைய முற்றத்தில் மிளகாய் காய்ந்த நாளில் ஓடித் திரிந்தவன் நான், எனக்கு அப்படிச் சொல்ல வாய் வரவில்லை.

இன்னொன்று இதைவிடப் பெரியது. அரசாங்கம் ஒதுங்கி நின்றால் தனிமனிதன் தானாகச் சுதந்திரமாகிவிடுவான் என்பது ஊரை அறியாதவன் பேச்சு. 1968 இல் மாவிட்டபுரம் கோயில் வாசலில் ஒடுக்கப்பட்ட சாதியினரை மறித்தது அரசாங்கம் இல்லை, மரபு. அந்த இடத்தில் சட்டம்தான் தனிமனிதன் பக்கம் நிற்க வேண்டியிருந்தது. வன்னியிலும், 1977, 1983 கலவரங்களுக்குப் பிறகு அடிபட்டு ஓடிவந்த மலையகச் சனம் எங்கள் காணிகளில் கூலிக்கு நின்று, காட்டோரத்தில் குடிசை போட்டுக் காலம் கழித்தது. காணிக் கச்சேரியில் அவர்களுடைய பெயரை வாசிக்கும்போது "உவை இந்த ஊர்ச் சனமில்லை" என்று எழும்பிச் சொன்னவர்கள் வெளியாட்கள் இல்லை. திருவிழாவில் எனக்குப் பக்கத்தில் நின்று தேர்வடம் பிடிக்கிறவர்கள். அங்கே நான் பேனையைப் பாவித்தேன், அதிகாரமாகத்தான். அந்த நாளில் வரம்பு இறுக்கமாக இருந்திருந்தால் அந்தக் குடும்பங்களுக்குக் காணி கிடைத்திருக்காது. இதை முன்னே சொன்ன உளுந்துக் கதையோடு எப்படிப் பொருத்துவது என்று இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

பரீட்சைத் தாளில் லொக்கையும் பேர்க்கையும் எழுது, 29(2) ஐக் கட்டாயம் எழுது. சித்தப்பாவின் மிளகாய்க்குப் புள்ளி தரமாட்டார்கள். மற்றது, உங்கட வீட்டு வளவும் பெர்மிட் காணிதான். பின்னுரித்தாளர் என்ற இடத்தை அப்பா இன்னும் வெறுமையாக விட்டிருக்கிறார்; எத்தனையோ தரம் சொல்லிவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை நான் வருகிறபோது அந்தப் பெர்மிட்டை எடுத்து மேசையில் வைக்கச் சொல். படிவம் கொண்டு வருகிறேன்.